எட்டாவது புல்கெண்டை

ஆற்றை மூடிவிட்டார்கள்.

முதல் வருடம் இதைக் கேட்டு முனவ்வரா சிரித்திருக்கிறாள். ஆற்றுக்கு என்ன கதவா இருக்கிறது, மூடுவதற்கு? பிறகு பழகிவிட்டது. மார்ச் பாதி கடந்ததும் ராரிட்டன் ஆற்றின் தென்கிளைக்கு அரசாங்க லாரிகள் வந்து ட்ரௌட் மீன்களை இறக்கிவிட்டுப் போகும். அவை தண்ணீருக்குப் பழகுகிற வரைக்கும் யாரும் தூண்டில் போடக்கூடாது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு திறக்கும். அன்றைக்கு இடுப்பளவு ரப்பர் கால்சட்டை போட்ட ஆண்கள் கரையில் தோளோடு தோள் உரச நிற்க, அவர்களுக்கு நடுவில் முக்காடும் மழைக்கோட்டுமாக மேலப்பாளையத்துக்காரி ஒருத்தியும் நிற்பாள்.

மற்ற வருடங்களில் இந்த மூடிய நாட்கள் போவதே தெரியாது. டேகேரில் ஒன்றரை வயதுப் பிள்ளைகளின் அறை அவளுடையது. மூக்கைத் துடைத்து, பாலைச் சூடாக்கி, தூங்கவைத்து வீட்டுக்கு வரும்போது தூண்டிலைப் பற்றி நினைக்க உடம்பில் தெம்பிருக்காது. இந்த வருடம் அந்த வேலையும் இல்லை. கணவன் ஷம்சுதீனின் விசாவை ஒட்டித்தான் அவளுடைய வேலை அனுமதி. பழைய அட்டை பிப்ரவரியோடு காலாவதியாகிவிட்டது. புதியது வந்தபாடில்லை. "கார்டு வந்த அன்றைக்கே வந்துவிடு" என்று டேகேர் நடத்துகிறவள் கட்டிப்பிடித்துத்தான் அனுப்பினாள். அதற்குப் பிறகு முனவ்வரா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். பீட்சா கடைக் கூப்பன்கள் இருக்கும்.

அந்த மார்ச்சில் திடீரென்று நான்கைந்து நாள் கோடை மாதிரி வெயில் அடித்தது. அவர்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் ஓட்டினார்கள். வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் முனவ்வரா தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குப் போனாள்.

குளம் என்று மரியாதைக்குச் சொல்வதுதான். டவுன்ஹவுஸ்களைக் கட்டியபோது மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தோண்டிய பள்ளம். நடுவில் ஒரு நீரூற்று, ஓரத்தில் கோரைப்புல், கரை முழுக்க வாத்து எச்சம். ஓடுகிற தண்ணீரில் தூண்டில் போட்டுப் பழகியவளுக்கு அதைப் பார்த்தாலே கொட்டாவி வரும். இருந்தாலும் கிடக்கிற தண்ணீர் அதுதானே. அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்தாள். நீந்தாதே, பனிச்சறுக்கு விளையாடாதே, வாத்துக்குத் தீனி போடாதே. மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாநில லைசென்ஸ் கைப்பையில் இருந்தது.

சப்பாத்தி மாவில் சோம்புத்தூள் சேர்த்துப் பிசைந்து கொண்டுபோயிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் இரண்டு சன்ஃபிஷ் கிடைத்தால் பொரிக்கலாம் என்பதுதான் கணக்கு. பெஞ்சுக்கு முன்னால் நின்று எறிந்தாள். தக்கை தண்ணீரில் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன் பக்கத்தில் ஒரு கருப்பு முதுகு எழுந்தது. அவசரமே படாமல், பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி, வாயைத் திறந்து மாவை வாங்கிக்கொண்டது.

அப்புறம் நடந்ததைப் பின்னால் தங்கையிடம் வீடியோவில் எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ரீல் கிரீச்சிட்டுத் தூண்டில் நரம்பு ஓடியது. மீன் நீரூற்றைச் சுற்றினால் நரம்பு அறுந்துவிடும் என்று கரையோரமாகவே அவளும் ஓடினாள். வாத்துகள் கத்திக்கொண்டு பறந்தன. விட்டு விட்டு, இழுத்து இழுத்து, கடைசியில் செருப்போடு சேற்றில் இறங்கி, துப்பட்டாவைப் போட்டுச் சுற்றித்தான் தூக்க முடிந்தது. பதினைந்து பவுண்டுக்குக் குறையாது. நீள உடம்பு, பெரிய பெரிய செதில். ஊர்ச் சந்தையில் பார்த்த மீன்தான். புல்கெண்டை.

"எப்படிக்கா ஒத்தைக்கு ஒத்தையா இத இழுத்த?" என்று தங்கை ஆஸிபா மேலப்பாளையத்திலிருந்து வாயைப் பிளந்தாள்.

"கைதாம்ளா. எப்ப இழுக்கணும் எப்ப விடணும்னு கைக்குத் தெரியணும். அது படிச்சு வாரதில்ல" என்றாள் முனவ்வரா. அந்த வருடம் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அன்றைக்குத்தான் வந்தது.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரத்தளத்தில் அட்டைப்பெட்டியை விரித்துச் செதில் உரித்தாள். குளத்து மீனுக்கு மண் வாடை இருக்கும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசினாள். தேங்காயும் சீரகமும் அரைத்து, கெட்டியாகக் கரைத்த புளியில் கொதிக்கவிட்டு, இறக்கும்போது பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். சனியன், முள்தான் அதிகம். ஆனாலும் ஷம்சுதீன் மூன்று முறை சோறு வாங்கினான். "இந்த நாட்டுக்கு வந்து இன்னைக்குத்தாம்ளா மீன் தின்னிருக்கேன்" என்று விரலை நக்கினான். பதினைந்து வயது மகள் இன்ஷாகூட முள்ளை எடுத்துக் கொடுக்கச் சொல்லிச் சாப்பிட்டாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீநிவாசன் அங்கிள் ஒரு செய்தி போட்டார்.

ஸ்ரீநிவாசன் நான்கு வீடு தள்ளி, மகன் கிரீஷ் வீட்டில் மனைவி ஷ்யாமளாவோடு இருக்கிறவர். சென்னையில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முனவ்வரா வேலையில் இருந்த காலத்தில், ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கும் இன்ஷாவைத் தன் பேத்தியோடு சேர்த்து வீட்டில் உட்காரவைத்துக்கொண்டது அவர்கள்தான். குளத்தில் பாசி மண்டியபோது அசோசியேஷன் மருந்து தெளிக்கப் பார்த்தது. அங்கிள் சண்டை போட்டார். மருந்து வேண்டாம், புல்கெண்டை விடுங்கள், அது பாசியைத் தின்றுவிடும் என்று விடாமல் சொல்லி, முறைப்படி அனுமதி வாங்கவைத்து எட்டுக் குஞ்சுகளை விடச் செய்தார். இதெல்லாம் முனவ்வரா அந்தக் குடியிருப்புக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்தவை. காலையில் அவர் கரையில் நிற்பதை நடைப்பயிற்சி என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்தச் செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். தினமும் காலையில் எண்ணுகிறேன், எட்டு மீனில் ஒன்றைக் காணவில்லை, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.

பதில்கள் விழுந்துகொண்டே இருந்தன. கழுகாக இருக்கும் என்றார் ஒருவர். நாரைக்கு அத்தனை பெரிய மீனை விழுங்க முடியாது என்றார் இன்னொருவர். மூலை வீட்டுத் திருமூர்த்தி மட்டும் சுற்றி வளைக்கவில்லை. ஒரு லேடி ஃபிஷிங் ராடோடு நின்றதைத் தன் மகள் பார்த்ததாகவும், கிளப்ஹவுஸ் கேமராவைச் செக் பண்ணலாம் என்றும், அசோசியேஷன் சொத்தைத் திருடுவது சீரியஸ் மேட்டர் என்றும் எழுதினார்.

ஷம்சுதீன் போனைக் கையில் பிடித்தபடி அடுக்களைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏளா முனவ்வரா. நேத்து நாம தின்னது என்ன மீனு?"

"புல்கெண்டை. ஏன்?"

"இதப் படி."

படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"போர்டுல ஒண்ணும் போடலியே" என்றாள்.

"போர்டுல வீட்டுக்குள்ள பூந்து டீவியத் தூக்காதன்னுகூடத்தான் போடல."

"குளத்துல கெடக்குத மீனு மேல அங்கிளோடதுன்னு பேரா எழுதியிருக்கு? என்ட்ட லைசென்ஸ் இருக்குல்லா."

"லைசென்ஸ் ஸ்டேட்டுக்கு. இது ப்ரைவேட் ப்ராப்பர்ட்டி. ஒனக்கு வித்தியாசம் தெரியாதா? நாளைக்கு அசோசியேஷன்காரன் போலீஸ கூப்பிட்டு, அவன் ஒரு டிக்கெட்ட எழுதிட்டான்னு வையி... பன்னெண்டு வருசமா லைன்ல நிக்குதோம்ளா க்ரீன் கார்டுக்கு. பன்னெண்டு வருசமா ஸ்பீடிங் டிக்கெட் ஒண்ணு வாங்கல நான். ஃப்ரீவேயில பின்னால வாரவன் ஹார்ன் அடிச்சுக் கொல்லுதான், அப்பவும் லிமிட்லதான் போறேன். எதுக்கு? இதுக்கா? ஒரு மீனுக்கா?"

"மூணு தடவ சோறு வாங்கித் தின்னிய."

"அப்பத் தெரியாதுல்லா!"

இன்ஷா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வெயிட், உம்மா, வீ ஏட் அங்கிள்'ஸ் பெட்?" என்றாள்.

"பெட்டுமில்ல, வளப்பு மீனுமில்ல. மேலே போ" என்றான் ஷம்சுதீன்.

"இட் ஹேட் அ நேம், ப்ராபப்லி."

"போன்னு சொன்னேன்!"

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மரத்தளத்துக்குப் போனான். பலகை இடுக்குகளில் நாலணாக் காசு அகலத்துக்குச் செதில்கள் மின்னின. முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் கட்டினான். ஆபீஸில் நாற்பது பேருக்கு மேல் வேலை வாங்குகிற மேனேஜர், மீன் செதில் பொறுக்குவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அது வருவதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

"முடிவாச் சொல்லுதேன். இனிமே தூண்டில தொடாத."

"குளத்துலதான? போவல."

"எங்கயும்தான். ஆத்துலயும். அங்க வார்டன் வருவான், சைஸ் அளப்பான், ஒண்ணு கூடுனா ஃபைன். ரிஸ்க்கே வேண்டாம். க்ரீன் கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் கடலையே வத்தவச்சு மீன் புடி."

முனவ்வரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது எப்ப வரும்?"

அவன் செதில் பொட்டலத்தைக் குப்பைக்கூடையின் அடியில் திணித்தான்.

"சொல்லுங்க. எப்ப வரும்? ஆறு அடுத்த மாசம் தொறந்துரும். தேதி போட்டு மரத்துல அடிச்சிருக்கான். ஒங்க லைன் எப்பத் தொறக்கும்னு யாராவது எங்கயாவது அடிச்சு வச்சிருக்கானா? வேலைக்குப் போவாதன்னு கவர்மெண்டுக்காரன் சொல்லுதான். மீன் புடிக்காதன்னு நீங்க சொல்லுதிய. அப்ப நான் என்னதான் செய்ய? கூப்பன் வெட்டட்டா?"

"நான் ஒன்ன வேலைக்குப் போவாதன்னு சொன்னேனா?"

"நீங்க சொல்லல. ஆனா எல்லாம் ஒங்க காயிதத்துலதான தொங்குது."

அதற்குமேல் பேசினால் அடி ஆழத்துக்குப் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். அவன் மேலே போய்விட்டான். குழம்பு அடிப்பிடித்தது.

சனிக்கிழமை மளிகை வாங்கப் பக்கத்து ஊரான எடிசனுக்குப் போன ஷம்சுதீன், திரும்பி வரும்போது காரை ஆமை மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் பெல்ட் போட்டு ஒரு ஐஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் தளும்பியது. தண்ணீருக்குள் ஏதோ டொக் டொக்கென்று பெட்டியை முட்டியது.

"என்ன இது?"

"கதவச் சாத்து. சாத்து முதல்ல."

பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போய்க் குளியல் தொட்டியில் கவிழ்த்தான். தவிட்டு நிறத்தில் கொழுத்த கெண்டை ஒன்று புரண்டு, சுவரெல்லாம் தண்ணீரடித்து, வடிகால் மூடிமேல் வந்து நின்றது.

"சைனீஸ் கடைத் தொட்டியில வாங்கினேன்" என்றான் மூச்சு வாங்க. "உயிரோட தர மாட்டேன்னுட்டான். அறுத்துத்தான் தருவானாம், ரூலாம். இல்ல, இது ரிலிஜியஸ் பர்ப்பஸ், தண்ணியில விடணும்னு சொன்னேன். ஒடனே கல்லாவுல இருந்த அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, பெரிய பையில தண்ணியும் ஊத்திக் குடுத்துட்டு. என்னைய பெரிய புண்ணியவான்னு நெனச்சிட்டு போல."

"எதுக்கு இது?"

"எதுக்கா? பொழுது சாஞ்சதும் மஹ்ரிப் தொழுதுட்டுப் போயி குளத்துல விட்டுருதேன். அங்கிள் காலையில எண்ணுவாரு. எட்டு இருக்கும். மேட்டர் க்ளோஸ்டு."

முனவ்வரா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மீனின் மேல் உதட்டோரம் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மீசை தொங்கியது.

"இதுக்கு மீசை இருக்கு" என்றாள்.

"இருந்தா?"

"அதுக்கு மீசை கெடையாது. அது புல்லு திங்கும். இது அடிச்சேத்தக் கெளறும். அது கருப்பு, இது தவிடு. ஏங்க, தெனமும் பாக்குத மனுசருக்கு அடையாளம் தெரியாதா? ஒங்க பிள்ளைக்குப் பதிலா வேற பிள்ளைய பஸ்ல ஏத்திவிட்டா ஒங்களுக்குத் தெரியாதா?"

"தூரத்துல இருந்து பாத்தா கெண்டை கெண்டைதான்!"

இன்ஷா கதவோரம் போனோடு நின்றாள். "வாப்பா, பெர்மிட் இல்லாம ஃபிஷ் ரிலீஸ் பண்றது இல்லீகல். இட்ஸ் அ வே பிக்கர் ஃபைன்" என்றாள். அவள் தமிழில் பேசியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஷம்சுதீன் மகளிடமிருந்து போனை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்கத் தோள் இறங்கியது. அப்படியே சுவரில் சாய்ந்து, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு விசயம் நான் சரியாப் பண்ணிருவேன்னு நெனச்சேன்" என்றான்.

அவளுக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. "நான் அங்கிள்கிட்டப் போயிச் சொல்லிருதேன்" என்றாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? எவிடென்ஸ் ஒண்ணுமே இல்ல, செதிலக்கூடப் பொறுக்கிட்டேன்."

"நம்ம பிள்ளைக்கு அவுங்க வீட்டுல நாலு வருசம் தயிர்சாதம் போட்டிருக்காவ. அவரு தெனமும் கரையில நின்னு எண்ணிக்கிட்டு நிக்கட்டும், நாம சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருப்போமா?"

தொட்டியில் ஊற்றிய குழாய்த் தண்ணீர் பிடிக்காமலோ என்னவோ, அந்த மீசைக் கெண்டை விடியும்போது பக்கவாட்டில் மிதந்தது. வீணாக்கக்கூடாதே என்று முனவ்வரா அதையும் அறுத்தாள். குழம்பு வைக்கவில்லை. ஃப்ரீஸரின் அடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் போய்ப் பழைய குளிர் திரும்பியிருந்தது. ஸ்ரீநிவாசன் அங்கிள் குரங்குத் தொப்பியும் மேல்கோட்டுமாகப் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. ஷ்யாமளா ஆன்ட்டி கொஞ்சம் தள்ளி, கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நடந்துகொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் அங்கிள். "என்ன, கார்டு வந்துதா?"

"இல்ல அங்கிள். இன்னும் வரல."

"வந்துடும். கவர்மென்ட் காரியம், ஊர்லேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்."

அவர் டப்பாவிலிருந்து ஒரு கை பொரி எடுத்துத் தண்ணீரில் தூவினார். வெள்ளைப் பொரி சுழன்று பரவியது. முனவ்வரா அந்தப் பொரியைப் பார்த்தாள்.

"அங்கிள், அந்த மீன நான்தான் புடிச்சேன்."

அவர் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது.

"பிடிச்சியா? அப்புறம் தண்ணியில விட்டுட்டியோ?"

"இல்ல அங்கிள். சமைச்சிட்டோம். நீங்க வளத்ததுன்னு எனக்கு சத்தியமாத் தெரியாது."

"ராமா" என்றார் ஆன்ட்டி, மெதுவாக.

அங்கிள் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவரோ அணைக்கட்டு உடைப்பை விசாரிக்கிற பழைய அதிகாரி மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"எந்த இடத்துல?"

"இங்கதான். இந்த பெஞ்சுக்கு முன்னால."

"எத்தனை மணி இருக்கும்?"

"இன்ஷாவ பஸ் ஏத்திவிட்டு வந்தேன். எட்டு, எட்டே கால்."

"வியாழக்கிழமை எனக்குப் பல் டாக்டர். வரல." தலையை ஆட்டிக்கொண்டார். "போட்ட உடனே வந்திருக்குமே?"

முனவ்வரா அன்றைக்குத் தக்கை விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"வரும். எட்டு மணிக்கு இங்க ஒரு நிழல் விழுந்தா வரும். நாலு வருஷமாப் பழக்கியிருக்கேன். மொதல்ல தூர நின்னுண்டு பாத்துண்டிருந்ததுகள். அப்புறம் பக்கத்துல வந்துதுகள். அந்தப் பெரிசு இருக்கே, அது என் கையிலேருந்தே வாங்கும். விரலைச் சப்பிப் பாக்கும், பல்லு கெடையாது, கூச்சமா இருக்கும்." விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ மாவு வைக்கணும்னுகூட இல்லம்மா. வெறும் தூண்டில் முள்ளைப் போட்டிருந்தாலும் நான்னு நெனச்சிண்டு வாயில வாங்கிண்டிருக்கும்."

"அது ரொம்ப இழுத்துச்சு அங்கிள்" என்றாள் முனவ்வரா. அதை ஏன் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

"இழுக்காதா பின்னே?" என்றார் அவர். "நான் யார்கிட்டயும் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறதில்ல. திருமூர்த்திகிட்டயும் நான் பேசிக்கறேன். ஷம்சு பயப்பட வேண்டாம்னு சொல்லு. ஆனா இத மீன் பிடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாத. அது மீன் பிடிக்கறதில்ல."

டப்பாவை மூடிக்கொண்டு நடந்தார். ஆன்ட்டி ஒரு கணம் நின்று அவள் முழங்கையைத் தொட்டுவிட்டு, அவர் பின்னாலேயே போனார்.

வீட்டில் ஷம்சுதீன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்ன சொன்னாரு?"

"கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாராம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவன் இரண்டு கையாலும் முகத்தைத் தடவினான். "நல்ல மனுசன். நான்தான் சும்மா பயந்துட்டேன் பாரு. வா, டீ போடுதேன். வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அவன் போட்ட டீ ஆடை கட்டும்வரை அவள் முன்னால் இருந்தது. தங்கையிடம் சொன்னதெல்லாம் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. கைதாம்ளா. கைக்குத் தெரியணும். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் காது மடல் சூடானது. அவள் வாழ்க்கையிலேயே பெரிய மீன், ஒரு கிழவரின் விரலென்று நினைத்துக்கொண்டு வந்த மீன். பல்லில்லாத மீன். அதனோடு கரையெல்லாம் ஓடி, வாத்தையெல்லாம் விரட்டி, செருப்போடு சேற்றில் இறங்கி, என்ன ஆர்ப்பாட்டம்! ஆஸிபா அழைத்தபோது எடுக்கவில்லை.

குழுவில் ஸ்ரீநிவாசன் ஒரே வரி போட்டார், விஷயம் தீர்ந்தது என்று. திருமூர்த்தி ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு யாரோ குப்பை வண்டி வராததைப் பற்றி எழுத, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

குளிர்ந்த மழை பிடித்துக்கொண்டது. அடுக்களை ஜன்னலில் நின்றால் குளத்தில் ஒரு துண்டு தெரியும். குரங்குத் தொப்பி தினமும் எட்டு மணிக்கு வந்து நின்றது. பொரி தூவியது. நின்றது. முன்பு கால் மணியில் திரும்பிவிடுகிறவர், இப்போது குடையோடு அரைமணி நின்றார். பொரி ஊறி வாத்துகளுக்குத்தான் போனது. பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

டேகேரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. காத்திருந்து பார்த்தோம், இனி முடியாது, அறைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டோம், மன்னிக்கவும், பிள்ளைகள் உன்னைத் தேடுகிறார்கள். முனவ்வரா அதைப் படித்துவிட்டு நான்கு கூடை துணி மடித்தாள். மடித்ததைக் கலைத்து இன்னொரு முறை மடித்தாள்.

ஆறு திறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஷ்யாமளா ஆன்ட்டி வாசல் மணியை அடித்தார். கையில் அந்த எவர்சில்வர் டப்பா.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

"இல்லம்மா, அடுப்புல பால் வெச்சிருக்கேன். இந்தா. இவர் தூக்கிப் போடச் சொல்லிட்டார். பொரி பாவம், நமுத்துக்கூடப் போகல. எனக்குத் தூக்கிப் போட மனசு வரல. நீ எதாவது பண்ணு. வெல்லம் சேத்து உருண்டை பிடி, இன்ஷா சாப்பிடுவா."

"அங்கிள் ஏன் வாரதில்ல?"

"அதுகள் வரலையே. ஒண்ணுகூடக் கரைக்கு வரமாட்டேங்கறது. வெறுமனே தண்ணிக்குப் பொரி போட நான் என்ன பைத்தியமாங்கறார்." ஆன்ட்டி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோவம்னு நெனச்சுக்காத. கோவமா இருந்தா கத்துவார். கத்தினா எனக்கும் நிம்மதியா இருக்கும்."

ராத்திரி சாப்பாட்டின்போது ஷம்சுதீன் தொண்டையைச் செருமினான். வக்கீலிடம் கேட்டுவிட்டானாம். லைசென்ஸோடு ஆற்றில் மீன் பிடித்தால் எந்தக் காலத்திலும் க்ரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகாதாம். வக்கீல் சிரித்தாராம்.

"நான் அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன்" என்றான் தட்டைப் பார்த்து. "காருல பெட்ரோல் போட்டுட்டேன். ராடும் டிக்கியில இருக்கு. வெள்ளனப் போனாத்தான் எடம் கிடைக்கும். போயிட்டு வா."

"ம்" என்றாள்.

காலையில் ஃப்ளாஸ்க்கில் டீயோடு கிளம்பினாள். குடியிருப்பின் வாசலுக்குப் போகும் சாலை குளத்தை ஒட்டித்தான் வளைகிறது. வளைவில் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். இந்நேரம் ஆற்றங்கரையில் ரப்பர் கால்சட்டைக்காரர்கள் தோளோடு தோள் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வழக்கமாக நிற்கிற, வேர் புடைத்த மரத்தடியை யாராவது பிடித்திருப்பார்கள்.

எஞ்சினை அணைத்தாள். டிக்கியைத் திறக்கவில்லை. பக்கத்துச் சீட்டிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மழை விட்டிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில், ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. பெஞ்சுக்கு முன்னால் நின்று, அங்கிள் செய்வது மாதிரி, ஒரு கை பொரியைத் தூவினாள். வாத்துகள் வந்தன. விரட்டினாள். இன்னொரு கை தூவினாள். தன் நிழல் விழட்டும் என்று தண்ணீர் விளிம்புக்குப் போனாள்; வெயிலே இல்லை. காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் தக்கையைப் பார்த்துக் காத்திருப்பது வேறு. அங்கே கண்ணுக்கு ஒரு வேலை இருக்கும்.

போன் அதிர்ந்தது. ஷம்சுதீன்.

"எடம் கிடைச்சுதா? எத்தன பேரு நிக்கான்?"

"நான் ஆத்துக்குப் போவல."

"போவலியா? எங்க நிக்குத? நான்தான் போன்னு சொல்லிட்டம்லா, இன்னும் என்ன? எம்மேல கோவமா?"

"ஒங்க மேல ஒண்ணுமில்ல. வையிங்க. சத்தம் கேட்டா வராது."

"எது வராது? ஏளா..."

வைத்துவிட்டாள். திரும்பி நான்காவது வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்தாள். திரை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தெரியவில்லை.

நெடுநேரம் கழித்து, நீரூற்றுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் கனத்தது. ஒரு கருப்பு முதுகு பாதி எழுந்து, அப்படியே நின்றது. வரவுமில்லை, போகவுமில்லை. முனவ்வரா மூச்சை அடக்கினாள். ராடு இருந்தால் ஒரே வீச்சில் எட்டும் தூரம். அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, பக்கத்தில் சாத்தி வைத்த எதையோ எடுப்பதற்காகப் பின்னால் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை.

மீன் வாயைத் திறந்து, ஓரத்தில் மிதந்த ஒரே ஒரு பொரியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது.

அவள் அந்தக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். டப்பாவை மூடவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, இன்னொரு பிடி எடுத்துக் கொஞ்சம் கரையோரமாகப் போட்டாள்.